மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு வலி மாத்திரை: எதற்குப் பயப்பட வேண்டும், எதை எண்ண வேண்டும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் புரியும். அம்மாவுக்கு வயது 61, எடை 48 கிலோ. வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து இன்று எட்டாம் நாள். சீட்டில் அல்ட்ராசெட் 1-1-1, ஜெரோடால் பி 1-0-1, பான் 40 1-0-0, ரத்தம் கட்டாமல் இருக்க அபிக்ஸாபான் 2.5 1-0-1, கடைசியில் டோலோ 650 எஸ்ஓஎஸ் என்று எழுதியிருக்கிறது. பிரஷருக்கு வழக்கமாக டெல்மா எச் போடுகிறார். அல்ட்ராசெட்டில் ட்ரமடால் என்ற அபின் வகை வலி மருந்து இருப்பதை நெட்டில் பார்த்துவிட்டு, போதைக்கு அடிமையாகிவிடுவாரோ என்று அதைப் பகலில் நிறுத்திவிட்டீர்கள். ஜெரோடாலும் டோலோவும் பழகின மாத்திரைதானே என்று கொடுத்து வருகிறீர்கள். டோலோ நேற்று நான்கு ஆகிவிட்டது. ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா அழ ஆரம்பித்ததும், வேறு வழியில்லாமல் அல்ட்ராசெட் இரண்டை ஒன்றாகக் கொடுத்திருக்கிறீர்கள். விடிந்ததும் தலைசுற்றல், வாந்தி. பிசியோ வந்தால் முட்டியைத் தொடவே விடுவதில்லை. இதை எத்தனை நாள் கொடுக்கலாம், நாமே நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மயக்க மருந்து டாக்டர். பத்தொன்பது வருடமாகத் தியேட்டருக்குள் இருக்கிறேன், அதில் பாதிக்கு மேல் எலும்பு ஆபரேஷன்கள். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, ரத்தப் பரிசோதனை முடிவுகளும் என் கையில் இல்லை. அதனால் நான் சொல்வதை வைத்து உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், சீட்டை நீங்களே திருத்தாதீர்கள். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லலாம். நீங்கள் பயப்படுகிற மாத்திரை ஒன்று, கவனிக்க வேண்டிய மாத்திரைகள் வேறு இரண்டு. அந்த இரண்டும் உங்கள் கண்ணில் படவே இல்லை.

அட்டைகளைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். டோலோவில் பாராசிட்டமால் 650 மி.கி. அது எல்லோருக்கும் தெரியும். அல்ட்ராசெட்டில் ட்ரமடால் 37.5 மி.கி-யோடு பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கிறது. ஜெரோடால் பி-யில் அந்த 'பி' என்பதே பாராசிட்டமால்தான். அசிக்லோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325. ஆக மூன்று அட்டையிலும் ஒரே மருந்து ஒளிந்திருக்கிறது. நேற்றுக் கணக்கைப் போடுவோம். டோலோ நான்கு, 2600. ஜெரோடால் பி இரண்டு, 650. ராத்திரி அல்ட்ராசெட் இரண்டு, இன்னொரு 650. மொத்தம் 3900 மி.கி. சீட்டில் உள்ளபடி அல்ட்ராசெட்டை மூன்று வேளையும் கொடுத்திருந்தால் 4225. நல்ல உடல்வாகு உள்ள பெரியவருக்கே 24 மணி நேரத்துக்கு மேல்வரம்பு 4000 மி.கி.தான். 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிப்பவர்கள் ஆகியோருக்கு நாங்கள் 2 முதல் 3 கிராமோடு நிறுத்திக்கொள்வோம். ஆபரேஷனுக்குப் பிறகு உங்கள் அம்மா அரை இட்லியோடு எழுந்துவிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு 3900 அதிகம்.

பாராசிட்டமால் கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. ஆபரேஷன் வலிக்கு நான் முதலில் எழுதுவதே அதைத்தான். அளவுக்குள் இருக்கும்வரை அதைப்போல் சாதுவான வலி மாத்திரை கிடையாது. அளவு மீறினால் அது ஈரலில் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. அதை முறிக்க ஈரலில் இருக்கும் குளுட்டாதயோன் தீர்ந்துபோனால் ஈரல் செல்கள் சாகத் தொடங்கும். முதல் நாள் ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதில் பொல்லாத விஷயம். குமட்டல், சோர்வு என்று ஆரம்பித்து, கண்ணில் மஞ்சள் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். நேற்று ஒரு நாள் கூடிப்போனதால் பெரிதாக எதுவும் நடந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் தினமும் இப்படிப் போகக் கூடாது. டாக்டரிடம் பேசும்போது அந்த வாந்தியையும் சொல்லுங்கள். பெரும்பாலும் ட்ரமடால் இரட்டை டோஸால் வந்ததாக இருக்கும். ஈரல் பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

எஸ்ஓஎஸ் என்ற அந்த மூன்று எழுத்தால் வருகிற குழப்பத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தேவைப்பட்டால் மட்டும் என்பது அதன் அர்த்தம். சிலர் அதை அபாயக் குரல் என்று எடுத்துக்கொண்டு, உயிர் போகிற வலி வரும்வரை தொடுவதில்லை. சிலர் கணக்கில்லாமல் கேட்டபோதெல்லாம் கொடுக்கிறார்கள். இத்தனை மணி நேர இடைவெளி, நாளைக்கு இத்தனைக்கு மேல் வேண்டாம் என்று பக்கத்தில் எழுதாத எஸ்ஓஎஸ் பாதிச் சீட்டுதான். தப்பு எழுதிக்கொடுக்கிற எங்கள் பக்கமும் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது பேனாவைக் கையில் கொடுத்து எழுதி வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, ஜெரோடால். ட்ரமடாலால் கிட்னி போய்விடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதாக எழுதி, அவரைக் கொஞ்சம் கேலி செய்திருக்கிறீர்கள். அவர் சொன்னது முழுத் தப்பு இல்லை, மாத்திரையைத்தான் மாற்றிச் சொல்லிவிட்டார். ட்ரமடால் கிட்னியைக் கெடுப்பதில்லை. அசிக்லோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம், கிட்னி விஷயத்தில் கண் வைக்க வேண்டியது அந்தக் குடும்பத்தின் மேல்தான். வயலுக்குத் தண்ணீர் பாய்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கிட்னிக்குள் ரத்தம் வருகிற மடையைத் திறந்து வைத்திருப்பது உடம்பில் ஊறும் புராஸ்டாகிளாண்டின். வலி மாத்திரை அதைக் குறைப்பதால் உள்மடை சுருங்கும். டெல்மாவில் உள்ள டெல்மிசார்ட்டன் வெளிமடையைத் தளர்த்திவிடும். டெல்மா எச்-சில் அந்த 'எச்' தண்ணீரை வெளியேற்றுகிற மருந்து, ஆக வாய்க்காலில் வரும் தண்ணீரே குறைவு. மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் வடிகட்டுவதற்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? போதாததற்கு, முட்டி ஆபரேஷன் செய்தவர்களில் பலர், முக்கியமாகப் பெண்கள், பாத்ரூம் போக வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். அம்மா ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறார், சிறுநீர் எத்தனை முறை, என்ன நிறம் என்று இன்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள்.

இதில் நானே அடிபட்டவன். அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தபோது ஊருக்கே வலி மருந்து எழுதுகிற மகன் என்ற தெம்பில் டைக்ளோஃபெனாக் இரண்டு வேளை நானே கொடுத்தேன். அவர் போடுகிற பிரஷர் மாத்திரை என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் அந்த வாரம் அது நினைவுக்கே வரவில்லை. ஐந்தாம் நாள் கால் வீங்கியிருக்கிறது என்று அம்மா சொன்னாள். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் 1.1 இருந்தது 2.4-க்கு வந்திருந்தது. மாத்திரையை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, இரண்டு வாரத்தில் 1.2-க்கு இறங்கியது. அப்பா இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார். பெரும்பாலானவர்களுக்கு இப்படி நிறுத்தினால் திரும்பிவிடும். ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருந்தவர்களுக்கு முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

கொசுறாக ஒரு செய்தி. 1990-களில் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகளின் இறைச்சியைத் தின்று, கிட்னி செயலிழந்து இறந்தன என்பது 2004-இல்தான் வெளிவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தார்கள். அசிக்லோஃபெனாக் மாட்டின் உடம்பில் டைக்ளோஃபெனாக்காக மாறிவிடுவதால் 2023-இல் அதற்கும் தடை வந்தது. நம் பக்கம் மாயார் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கிற கழுகுகளுக்கு இதெல்லாம் உயிர்ப் பிரச்சினை. கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. மனிதர்கள் அந்த மாத்திரையைச் சில நாள் தாராளமாகத் தாங்குவார்கள். ஆனாலும் பழகின மாத்திரை என்று சொல்லும்போது எனக்கு அந்தக் கழுகுகள் ஞாபகத்துக்கு வரும்.

ஜெரோடாலைத் தூக்கி எறியுங்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வீக்கத்தோடு வருகிற வலிக்கு அந்தக் குடும்பம் நன்றாக வேலை செய்யும். பாராசிட்டமாலோடு சேர்த்தால் இரண்டையும் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் கிடைக்கும் என்பது ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. கிட்னி நன்றாக இருந்து, வயிற்றுப்புண் இல்லாமல், இதய நோய் இல்லாமல் இருந்தால் ஐந்து முதல் ஏழு நாள் நானும் எழுதுவேன். உங்கள் அம்மா எட்டாம் நாளில் இருக்கிறார், டெல்மா எச் போடுகிறார், கூடவே அபிக்ஸாபானும் ஓடுகிறது. ரத்தம் கட்டாமல் இருக்கத் தருகிற மருந்தும் இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு கூடும். பான் 40 அதற்குத்தான். அதைக் காலை டிபனுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துக் குவியலாகச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் பாதிப் பயன்தான். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அபிக்ஸாபானையும் டெல்மாவையும் எக்காரணம் கொண்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம். முட்டி மாற்றியவர்களுக்கு அபிக்ஸாபான் பொதுவாக 12 நாள். ஜெரோடால் இன்னும் வேண்டுமா என்பதை மட்டும் இன்று கேளுங்கள்.

இனி நீங்கள் பயந்த ட்ரமடால். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது. 1980-இல் ஒரு மருத்துவ இதழில் ஒரே பத்தி அளவுக் கடிதம் ஒன்று வந்தது. மருத்துவமனையில் அபின் வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானார்கள் என்றது அது. உள்நோயாளிகளாக, நர்ஸ் கையால் மருந்து வாங்கியவர்கள் பற்றிய கணக்கு. அதை வீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்து அனுப்புவதற்குச் சாட்சியாக ஆக்கிவிட்டார்கள். 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலி மாத்திரை சந்தைக்கு வந்தபோது அடிமையாகும் ஆபத்து குறைவு என்றே விற்றார்கள். 2007-இல் அதைத் தயாரித்த நிறுவனம் தவறாக விளம்பரம் செய்ததை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்துவிட்டன. ஆபரேஷனுக்கு முன் இந்த வகை மருந்தைத் தொட்டே இராதவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் போல, மூன்று மாதம் கழித்தும் சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று 2017-இல் அங்கே வந்த பெரிய ஆய்வு சொல்கிறது. எனவே ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் ஊர்க் கதை தலைகீழ். 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்த பிறகு, புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைப்பதே கஷ்டமானது. 2014 திருத்தத்துக்குப் பிறகுதான் வழி கொஞ்சம் இலகுவானது. அங்கே அள்ளிக் கொடுத்துக் கெட்டார்கள் என்றால் இங்கே கொடுக்காமல் கெட்டவர்கள் அதிகம். ட்ரமடாலை 2018 ஏப்ரலில் அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதனால்தான் மெடிக்கல் ஷாப்பில் சீட்டைக் காட்டச் சொல்கிறார்கள். அதை நீங்கள் ஆபத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டீர்கள். ஒரு நாளைக்கு மூன்று அல்ட்ராசெட் என்றால் ட்ரமடால் 112.5 மி.கி. வயது வந்தவருக்கு மேல்வரம்பு 400. வலிக்காக, அளவாக, ஒன்றிரண்டு வாரம் எடுத்து, வலி குறையக் குறையக் குறைத்துக்கொண்டு வருகிறவர் அடிமையாவது அபூர்வம். முன்பே மதுவுக்கோ தூக்க மாத்திரைக்கோ பழகியவர், பல வருடமாக வேறு வலிக்கு மாத்திரை போடுபவர், மனச்சோர்வில் இருப்பவர் ஆகியோரிடம் நான் கூடுதல் கவனமாக இருப்பேன். வலி குறைந்த பிறகும் மாத்திரை நேரத்துக்காக ஒருவர் கடிகாரம் பார்க்க ஆரம்பித்தால், அல்லது வலிக்காக இல்லாமல் தூக்கத்துக்காகவோ மனசு லேசாகவோ கேட்டால், அதுதான் மணி அடிக்கிற இடம். உங்கள் அம்மா மாத்திரையே வேண்டாம், நாலு பெற்றவள் எனக்கு இந்த வலி என்ன என்கிறார். அவர் அந்தப் பக்கமே இல்லை.

ட்ரமடாலில் உண்மையில் கவனிக்க வேண்டியவை வேறு. குமட்டலும் தலைசுற்றலும் முதல் இரண்டு மூன்று நாள் அதிகம் இருக்கும். இரண்டை ஒன்றாகப் போட்டால் இன்னும் அதிகம். நேற்று நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. மனச்சோர்வுக்கு எஸிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. சிலருக்கு இந்த மாத்திரை கேட்கவே கேட்காது. ஈரலில் அதை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றுகிற நொதி அவர்களிடம் பிறவியிலேயே குறைவு. நடிக்கிறார் என்று வீட்டார் நினைப்பார்கள், பாவம். வயதானவர் திடீரென்று உளற ஆரம்பித்தால் சோடியம் குறைந்திருக்கலாம். ட்ரமடாலும் டெல்மாவில் உள்ள அந்த 'எச்'-சும் இரண்டுமே சோடியத்தைக் குறைக்கக் கூடியவை. மலச்சிக்கல் பலருக்கு வரும். அதற்கு நாலாம் நாள் வரை காத்திருக்காமல், மாத்திரை ஆரம்பித்த அன்றே தண்ணீரும் இசப்கோலோ லாக்டுலோஸோ ஆரம்பிக்க வேண்டும். முக்கி முக்கி வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்திருப்பது தையல் போட்ட முட்டிக்கு எவ்வளவு வேதனை என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். தூக்க மாத்திரை, மது இரண்டும் இதோடு சேரவே கூடாது. தட்டி எழுப்பினாலும் சரியாக எழாமல், நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவாக மூச்சு விட்டால், 108-க்குப் போன் செய்துவிட்டுத்தான் என்னைப் போன்றவர்களிடம் கேள்வி கேட்க வேண்டும். அல்ட்ராசெட் மூன்றில் அப்படி நடப்பது மிக அரிது. ஆனால் தூக்கத்தில் மூச்சுத் திணறுகிற அளவு குறட்டை உள்ளவர்களை நான் எளிதாக விடுவதில்லை.

வலி மாத்திரை எதற்காகத் தருகிறோம் என்பதை எங்களில் பலர் நோயாளியிடம் சொல்வதில்லை. அம்மா சும்மா படுத்திருக்க வலி மாத்திரை தேவையே இல்லை. அசையாமல் இருந்தால் பெரிதாக வலிக்காது. முட்டியை மடக்க, நீட்ட, நடக்க, ஆழமாக மூச்சு விட, இரவு தூங்கத்தான் மாத்திரை. மடக்காத முட்டி ஆறு வாரத்தில் இறுகிவிடும். அப்புறம் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டியிருக்கும். அதற்கு மயக்கம் கொடுப்பதும் என் வேலையில் ஒன்று, எனக்குப் பிடிக்காத வேலை. அசையாத காலில் ரத்தம் கட்டும். அதனால் பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பதோடு நான் நிறுத்துவதில்லை, வாக்கரோடு பாத்ரூம்வரை போக முடிந்ததா, முட்டி எவ்வளவு மடங்கியது என்றும் கேட்பேன். வலி பூஜ்யம் ஆக வேண்டியதில்லை. மூன்று நான்கு இருந்தாலும் நடக்க முடிந்தால் போதும்.

ஆபரேஷன் அன்று ராத்திரி அம்மா ஜம்மென்று இருந்தார், மறுநாள்தான் துடித்துப் போனார், ஏதோ தப்பாகிவிட்டதோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். தப்பு எதுவும் இல்லை. முதுகில் போட்ட ஊசி சில மணி நேரம் தாங்கும். தொடைப் பக்கம் நரம்புக்குப் போட்ட ஊசி அரை நாள் முதல் ஒரு நாள்வரை தாங்கும். அது விடுகிறபோது எல்லா வலியும் ஒரே நேரத்தில் வந்து இறங்கும். அந்த நேரத்துக்கு முன்பே மாத்திரையை ஆரம்பித்துவிட்டால் அவ்வளவு தெரியாது. வலி ஏறின பிறகு துரத்துவதைவிட ஏறுவதற்கு முன் தடுப்பது சுலபம். இப்போது எட்டாம் நாளிலும் இதே கணக்குத்தான். பகல் முழுக்க விட்டுவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டாகப் போடுவதற்குப் பதிலாக, சீட்டில் உள்ளபடி ஒவ்வொன்றாக நேரத்துக்குக் கொடுங்கள். ஒரு வேளையைப் பிசியோ வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பும், ஒரு வேளையைப் படுக்கப் போகும்போதும் அமைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வெறும் வயிற்றில் வேண்டாம். அல்ட்ராசெட் மூன்று கொடுக்கிற நாளில் டோலோ இரண்டைத் தாண்டக் கூடாது. ஜெரோடாலும் ஓடினால் அப்போதே பாராசிட்டமால் 2925 ஆகிவிடுகிறது. ஜெரோடாலை டாக்டர் நிறுத்தச் சொன்னால் 2275. காலண்டர் தாளின் பின்பக்கம் நேரமும் மாத்திரையும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். வீட்டில் இரண்டு பேர் மாத்திரை கொடுக்கிற இடத்தில்தான் டோஸ் இரட்டிப்பாகிறது.

நிறுத்துவது எப்படி? புற்றுநோய் வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 1986-இல் ஓர் ஏணி போட்டது: லேசான மருந்தில் ஆரம்பித்துப் படிப்படியாக மேலே ஏறுவது. ஆபரேஷன் வலிக்கு அதே ஏணியில் இறங்க வேண்டும். முதலில் ட்ரமடால் போகும்: மூன்றை இரண்டாக்கி இரண்டு மூன்று நாள், அப்புறம் படுக்கும்போது மட்டும் ஒன்று, அப்புறம் இல்லை. இப்படி இறங்குவதற்கு டாக்டர் தடை சொல்ல மாட்டார், ஆனாலும் தகவல் சொல்லிவிடுங்கள். கடைசிவரை கூட வருவது பாராசிட்டமால். முட்டி மாற்றியவர்களில் பலர் இரண்டு மூன்று வாரத்தில் ட்ரமடால் இல்லாமல் சமாளிக்கிறார்கள். ராத்திரி வலியும் விறைப்பும் அதற்குப் பிறகும் சில வாரம் தொல்லை கொடுக்கும், அது இயல்பு. மூன்று வாரம் தாண்டியும் ட்ரமடால் இல்லாமல் முடியவில்லை என்றால் அது மாத்திரைக் கேள்வி இல்லை, முட்டியில் என்ன என்று பார்க்க வேண்டிய கேள்வி. மிஞ்சின அட்டையை அப்பாவின் முதுகுவலிக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். எப்படி அப்புறப்படுத்துவது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் செய்யுங்கள்.

சில விஷயங்களில் மருத்துவத்திலேயே தெளிவு இல்லை. 'எஸ்பி' என்று முடிகிற மாத்திரைகளில் வீக்கத்துக்காகச் சேர்க்கிற செராஷியோபெப்டிடேஸ் உண்மையில் வேலை செய்கிறதா என்பது சந்தேகம். ஜப்பானில் 2011-இல் பலன் நிரூபணமாகவில்லை என்று தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்தை ஒரு காலத்தில் எல்லோருக்கும் எழுதினோம், நானும் எழுதினேன். வலியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை, மயக்கம்தான் கூடுதல் என்று பிறகு தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. நரம்பு வலி உள்ள சிலருக்கு மட்டும் இப்போது எழுதுகிறேன். ஆபரேஷன் நன்றாக முடிந்தும் பத்தில் ஒருவர் இருவருக்கு மாதக்கணக்கில் வலி நிற்பது ஏன் என்பதற்கும் முழுப் பதில் இல்லை.

மாத்திரை இல்லாத வழிகளில் ஐஸ் நிச்சயம் உதவும்: துண்டில் சுற்றி 15-20 நிமிடம், பிசியோ முடிந்ததும். காலை உயர்த்தி வைக்கும்போது தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதீர்கள், குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்கு அடியில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியபடியே பழகி நீளாமல் போய்விடும். பெரியம்மா கொண்டுவந்த தைலம் தையல் பக்கம் போகவே வேண்டாம். கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப் கொடுக்கலாமா என்றீர்கள். சூடாக ஒரு டம்ளர் குடிக்கட்டும், தண்ணீர்க் கணக்கில் சேரும், மாத்திரைக் கணக்கில் சேராது.

கெண்டைக்கால் வீங்கி அழுத்தினால் வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், தையலில் நீர் கசிந்தாலும், குறைந்துகொண்டு வந்த வலி திடீரென்று ஏறினாலும் டோலோ கொடுத்து ஒரு ராத்திரி பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், டோலோ காய்ச்சலையும் மறைத்துவிடும். இன்னொன்று: டிஸ்சார்ஜ் சம்மரியில் சீரம் கிரியாட்டினின் என்று ஒரு எண் இருக்கும், தேடிப் பாருங்கள். 1.2-க்கு மேல் இருந்தால், அல்லது அந்த எண்ணே இல்லையென்றால், அடுத்த ஜெரோடால் கொடுப்பதற்கு முன் டாக்டருக்குப் போன் போட்டு, டெல்மா எச் ஓடுகிறது, எடை 48 கிலோ என்று சொல்லிக் கேளுங்கள்.